ஐந்து மணித் தண்ணீர்

ஜனவரி 3
இந்த நோட்டு மகள் வாங்கித் தந்தது. எழுத்தும் அவள் சொல்லித் தந்ததுதான். எனக்கு அறுபத்தேழு வயது. ஒரு பக்கம் எழுத ஒரு மாலை முழுக்கப் போகிறது. போகட்டும், வேறென்ன வேலை? இன்று சோப்பு உறையை இரண்டு பக்கமும் படித்து முடித்தேன். குளிக்கிற சோப்புக்கு இவ்வளவு பேச்சா!

என் வேலையையும் எழுதி வைக்கிறேன். நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் லாரியின் பின்னால் நின்று குழாயைத் திறப்பேன். பாதை நனைந்தால் கரித்தூசி எழும்பாது.

ஜனவரி 5
பதிவேட்டில் இன்று கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்! குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் பழைய பக்கங்களையும் புரட்டினேன். நவம்பரில் எங்கள் லாரி பத்தொன்பது நாள் பட்டறையில் கிடந்தது. பதிவேட்டிலோ தினமும் நான்கு நடை தண்ணீர். ஒவ்வொன்றின் கீழும் என் கட்டைவிரல்.

“அதெல்லாம் படிக்கறதுக்கு இல்ல பெரியவரே, காட்டறதுக்கு,” என்று குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்?

ஜனவரி 8
இந்த வடக்கு மலைக் குளிரில் குழாயின் வாயெல்லாம் பனிக்கட்டி. சுத்தியலால் தட்டித்தான் திறந்தோம்.

ஜனவரி 10
நாளை மறுநாள் சுற்றுச்சூழல் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். வாசல் செடிகளின் இலைகளை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். எட்டு மணிக்கு அவர்கள் வரும்போது ஒரு பொட்டுத் தூசி பறக்கக் கூடாதாம். விடியும் முன் ஐந்துக்கே தண்ணீர் அடிக்க வேண்டுமாம்.

“ஐயா, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிச்சா சரிவெல்லாம் உறைஞ்சு போயிடும்,” என்றேன்.

மேனேஜர் போனிலிருந்து நிமிரவில்லை. “தூசி பறந்தா சுரங்கத்தையே பூட்டுவாங்க. வழுக்கினா, மெதுவா ஓட்டச் சொல்லு.”

அந்தச் சரிவில் கரியோடு முதலில் இறங்குவது ஆறே கால் லாரி. அதை ஓட்டுவது என் மகளின் கணவர்.

ஜனவரி 11
வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளைக்கு எல்லாமே விளையாட்டு. “ஏன் மாமா, தண்ணி அடிக்கிறது நீங்க, தள்ளாடுறது நானா?”

மகள் சிரிக்கவில்லை.

“நாளைக்கு ஒருநாள் லீவு போடுங்க மாப்பிள்ளை.”

“போட்டா வேற ஒருத்தன் ஓட்டுவான். அவன் வீட்லயும் ஒருத்தி காத்துட்டுதானே இருப்பா?”

ஒரு பலகையை எடுத்துச் சுண்ணாம்பில் எழுதினேன்: சரிவு உறைந்திருக்கிறது. வெயில் வரும்வரை இறக்காதே.

ஜனவரி 12
தண்ணீர் அடித்து முடித்ததும் பலகையைச் சரிவின் தலையில் நட்டேன். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். எட்டு மணிக்குள் மேஸ்திரி பலகையைப் பிடுங்கி மறைத்துவிட்டான். அதற்குள் வெயில் பட்டுப் பாதை இளகி, வெறும் ஈரமாக மின்னியது. ஒரு சக்கரம்கூட உருளாத இடத்தில் தூசி ஏது?

அதிகாரியம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. “இதைச் செய்யறது யாரு?”

மேனேஜர் என்னை முன்னே தள்ளினார். “இவருதான் மேடம். இப்ப கையெழுத்தே போடுவாரு!”

அந்த அம்மா ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முழுப் பெயரும் போட்டேன். “அழகா இருக்கே,” என்றார். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஜனவரி 13
அந்தக் காகிதத்தின் நகலை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். விரல் வைத்துப் படித்தேன். ‘குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் காலை ஐந்து மணிக்குப் பாதையில் நீர் தெளிக்கப்படும். இதனால் ஆபத்து ஏதுமில்லை எனப் பணியாளர் உறுதியளிக்கிறார்.’ கீழே என் பெயர்.

படிக்காம போட்டுட்டேன். படிக்கத் தெரிஞ்சும் படிக்காம— அத்தனை பேரை நிக்க வச்சு எழுத்துக்கூட்ட வெட்கம். வெட்கமாடா உனக்கு?

ஜனவரி 14
குழாயைத் திறக்க மாட்டேன் என்றேன். “அப்ப வீட்டுக்குப் போங்க,” என்றார் மேனேஜர். வேறொருவன் ஏறிக்கொண்டான். சரிவில் வண்டியை நிறுத்துகிறவனுக்கும் இனி வேலை இல்லையாம்.

ஜனவரி 17
ஐந்து மணி. தண்ணீர் லாரியின் சத்தம் வீடுவரை கேட்கிறது. மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். மகள் தேநீரை ஆற்றிக்கொண்டே நிற்கிறாள். குடிக்கவில்லை.

ஆறே கால்.

சங்கு ஊதுது. ஷிப்டுச் சங்கு அப்பவே ஊதியாச்சே. இது எதுக்கு

ஜனவரி 24
மருத்துவமனை. மாப்பிள்ளைக்கு வலப்பக்கம், முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடக்கிறது. மகள் அந்தப் பக்கம் பார்க்காமல் ஆரஞ்சு உரிக்கிறாள். வேகமாக ஓட்டியதால்தான் லாரி சரிவில் வழுக்கியது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். நாளை அதே அதிகாரியம்மா விசாரிக்க வருகிறார்.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று பயந்துகொண்டிருந்தேன். பார்த்தார்.

“மாமா, எழுதிக்குங்க. ரெண்டாவது கியர்லதான் வந்தேன். காலு பிரேக்குலயேதான் இருந்துச்சு.”

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

“இன்னொரு தடவ படிங்க மாமா,” என்றார்.