தூண்டில் கம்பும் ஜப்பான்காரரும்

தங்கம்,

நேற்று பிச்சாவரத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், உன் தம்பி செந்தமிழ்செல்வன், படகுக்காரர் சின்னையன். தூண்டில் கம்பை நிமிர்த்தி, உச்சியில் ஏரியல் கம்பியைக் கட்டி, சுரபுன்னைக் காட்டுக்கு நடுவிலிருந்து என் அமெச்சூர் ரேடியோவில் அழைத்தேன். ஜப்பானிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்! "மாமா, குதிக்காதீங்க, படகு கவுந்துடும்!" என்று உன் தம்பி கத்தினான். நான் குதிக்கவில்லை. லேசாக எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

இன்று காலையும் எனக்காகக் காத்திருப்பதாக அவர் சொன்னார். வாக்குத் தவறினால் நம் குடும்பத்துக்கு இழுக்கு, போகிறேன். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. நீ கோபத்தோடு அரைத்த சட்னியில் காரம் ஜாஸ்தி. ஆனாலும் ஐந்து இட்லி சாப்பிட்டேன்.

நம் மகள் சத்யப்பிரியாவுக்கு மாமனாராகப் போகிறவர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருகிறார். நான் தூண்டிலோடு படகேறினேன் என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார். காபி கொடு. தலை நிமிர்ந்து பேசு. தலைமுறை தலைமுறையாக நாம் சைவம். மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவேன், நிச்சயதார்த்தம் நின்றுவிடாது.

தில்லைநாதன்

பின்குறிப்பு: கம்போடு வந்த தூண்டில் முள் பாக்கெட்டை மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவே இல்லை. சம்பந்தியிடம் காட்டு.

இன்னொன்று: நான் மீன் பிடிக்கவில்லை.