ஓங்கிய கை

அன்புள்ள மகளுக்கு,

கிழிக்காமல் வாசி. வழக்கறிஞர் மூலம்தான் இதை அனுப்புகிறேன்.

ஸ்பிரிங்வேலில் ஐகிடோ பழகுகிறேன். ஜப்பானியத் தற்காப்புக் கலை. கோபம் குறையும், நீதிபதிக்கும் நல்லதாகத் தெரியும் என்றார் வழக்கறிஞர். இதில் போட்டி கிடையாது. அடிக்க வருபவனின் வேகத்தைத் திருப்பி, அவனுக்கும் காயம் வராமல் தரையில் இறக்கிவிட வேண்டும். எதிரியும் பிழைக்க வேண்டும் என்பதுதான் இதன் தத்துவம்.

நேற்று என்னோடு பழகியவள் உன் வயதுப் பெண், நம் ஆள்தான். "அங்கிள், உண்மையா அடியுங்கோ. அப்பத்தான் நான் பழகலாம்" என்றாள். கையை ஓங்கினேன். அவள் முகத்தை மூடவில்லை. என் கண்ணைப் பார்த்தபடி நின்றாள்.

என் கை இறங்கவில்லை. நம் வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லை. அம்மா குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோடு ஒடுங்குவாள். நீ மேசைக்குக் கீழே போய்விடுவாய்.

"என்ன அங்கிள், சுகமில்லையோ?"

"ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நெடுநேரம் காரை எடுக்க முடியவில்லை.

நான் பொலிசிடம் சொன்னதுபோல அம்மா படியில் வழுக்கி விழவில்லை, நான்தான் தள்ளினேன் என்று இன்று காலை எழுதிக் கையெழுத்திட்டு வழக்கறிஞரிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை நீ கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இரு.

அப்பா