டிரைவரின் சட்டைப்பையில் இருந்தது

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் நின்றுவிட்டது என்று நீயே எழுதும்வரை அம்மா நம்பப்போவதில்லை. மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் நீ அக்காவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவள் பக்கத்து அறையில் இருப்பாள், நான் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிடுவேன். பரவாயில்லை என்பதெல்லாம் ஒரு செய்தியா என்று பத்திரிகை ஆபீசில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அத்தான் தவறிப்போனதிலிருந்து நானும் அம்மாவும் அவள் வீட்டிலேயே இருக்கிறோம். அத்தான் ஷிஃப்ட் முடிந்து எந்நேரமும் வருவார், சாவி போட்டுத் திறந்துகொள்வார் என்று அந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் போடும் வழக்கமே கிடையாது, உனக்குத் தெரியும். ஒருநாள் நான் போட்டேன். அவள் எழுந்துபோய் விலக்கிவிட்டு வந்து படுத்தாள். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

போன வாரம் அக்கா வேலைபார்க்கும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்புப் பாடத்தில் ஒரு சிறுகதை, ஒரு லாரி டிரைவர் வீடு திரும்ப வேண்டிய நாள், மனைவி வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், விளக்கு எரிகிறது, அதோடு கதை முடிகிறது. வந்தானா இல்லையா என்று எழுதியவர் சொல்லவில்லை. வருஷாவருஷம் அக்கா ஆசையாக நடத்துகிற கதை. இந்தத் தடவை பிள்ளைகள், வந்தாரா இல்லையா அத மட்டும் சொல்லுங்க மிஸ் என்று பிடித்துக்கொள்ள, புத்தகத்தை மூடிவிட்டு மணி அடிக்கும்வரை கரும்பலகையைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். தலைமையாசிரியை நல்ல மனுஷி, கொஞ்ச நாள் லைப்ரரியில இருக்கட்டும் சார், வகுப்ப வேற யாராவது பாத்துக்கட்டும் என்றார். அக்காவோ அம்மாவிடம், அந்தக் கதைய முடிக்காம எறங்கினா இனிமே எந்தப் பிள்ளைங்க முன்னாடியும் என்னால நிக்க முடியாதும்மா என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, நீங்க வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்கப்பா, என்ன ஆனாலும் எழுந்து வந்துடாதீங்க என்றாள்.

போனேன். பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவே என் முழங்கால் நுழையவில்லை. முன்னால் இருந்த இரட்டைச்சடை திரும்பிப் பார்த்து, தாத்தா, நீங்க எந்த வருஷம் ஃபெயிலானீங்க என்று கேட்டது, வகுப்பே சிரித்தது. பிள்ளைகளைக் கதைக்குள் இழுக்க அக்காவிடம் ஒரு வழி உண்டு. கதையின் நீதி என்ன என்று கேட்கமாட்டாள், இந்த ஆளின் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்று கேட்பாள். புத்தகத்தில் அது இருக்காது, கதையைப் படிக்காமல் சொல்லவும் முடியாது. என்னிடமிருந்து போன பழக்கம்தான். விபத்துச் செய்திக்குப் போனால் பையில் இருந்ததைத்தான் முதலில் விசாரிப்பேன், அதில் ஆள் தெரிந்துவிடுவான். சாப்பிடும்போது நான் சொல்ல நீங்கள் இருவரும் வாய் பிளந்து கேட்பீர்கள், அம்மா வைவாள். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் அதே கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டாள். எழுதி முடிக்கும்போதுதான் அவள் கை நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அத்தானின் பொருட்கள் பிளாஸ்டிக் கவரோடு அலமாரி மேல் பிரிக்காமலே கிடப்பது எனக்கும் அவளுக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. லைசென்ஸ் என்றது ஒன்று, சில்லறை என்றது இன்னொன்று. பொண்டாட்டிக்குத் தெரியாம வாங்கின மிட்டாய் என்றான் ஒருவன். எத வச்சு சொல்ற என்று அவள் கேட்க, டாக்டர் இனிப்பு கூடாதுன்னாருன்னு ரெண்டாம் பக்கத்துல வருதே மிஸ், அவரப் பாத்தா அடங்கற ஆளாவா தெரியுது என்றான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரட்டைச்சடை எழுந்து, வீட்டுச் சாவி மிஸ் என்றது. உட்காராமல் நின்றுகொண்டே, அவர் வரலேன்னா அந்தச் சாவிய யாரு மிஸ் கொண்டாந்து குடுப்பாங்க என்று கேட்டது.

நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில குடுப்பாங்கம்மா, ஒரு கவர்ல போட்டு, கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்பாங்க என்றாள். சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, எனக்கும் குடுத்தாங்க, நான் இன்னும் பிரிக்கல என்றாள். அப்புறம் ஒரு குரல், பிரிக்காதீங்க மிஸ் என்றது. உடனே இன்னொன்று, லூசு, பிரிச்சாத்தான்டா அவங்களுக்குத் தெரியும் என்றது. கதையைப் பற்றிச் சண்டை போடுவது போலவே இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டார்கள். அவள் தடுக்கவில்லை. கடைசிப் பத்தியைத் திணறாமல் வாசித்து முடித்துவிட்டு, அவர் வரலேன்னுதான் எனக்குத் தோணுது, உங்களுக்கு வேற மாதிரி தோணுச்சுன்னா எழுதிட்டு வாங்க என்றாள். லைப்ரரிப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி அவளே கவரை எடுத்தாள். சீப்பு, சாவி, காகிதத்தோடு ஒட்டிப்போன இரண்டு மிட்டாய். அத்தானுக்கும் சர்க்கரைதானே. பாத்தியாம்மா இந்த மனுஷன, எனக்குத் தெரியாம என்று சிரிக்க ஆரம்பித்தாள், அது சிரிப்பாக முடியவில்லை. அம்மா மடியில் வெகுநேரம் கிடந்தாள். இத்தனை மாதத்தில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். படுக்கப் போகுமுன் வாசலுக்குப் போனாள். உள்தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, அக்காவோடு பேசும்போது அத்தான் பேச்சைத் தவிர்க்காதே, அவளுக்கு இப்போது பேச வேண்டும். எங்கே இருந்தாலும் மனநிறைவோடு இரு, எங்கள் ஆசி உன்னோடு இருக்கிறது. ஒன்றை மறக்காதே. லீவில் வரும்போது, நினைத்த நேரத்துக்கு வந்து திறந்துக்கோ என்று அத்தான் உனக்குக் கொடுத்த சாவியை நம்பி வராதே, அது இனி கதவைத் திறக்காது. மணியை அடித்துவிட்டுக் கொஞ்சம் நில். அக்கா எழுந்து வந்து திறப்பாள்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா