மேலே வந்து நின்ற ஏழு செய்திகள்

அக்கா,

காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, திருநீறு ஒட்டிய கையோடு கைபேசியைத் தொட்டேன்.

என் மகளுக்குச் சென்னையில் ஒரு செயலி நிறுவனத்தில் வேலை என்று உங்களுக்குத் தெரியும். நாமெல்லாம் படம் அனுப்பிக்கொள்கிற செயலிதான். திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைவது அவள் வேலை. போன தடவை வந்தபோது என் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம்மா, சந்தைக்கடை மாதிரில்லா கெடக்கு! இதுல எப்படித் தேடுதிய? இதைத்தான் ஒதுங்க வைக்கோம். உங்க கண்ணுல முதல்ல எது படணும்?"

"வீடியோ, விளம்பரமெல்லாம் அடியில கெடக்கட்டும். பதில் சொல்லாத கடுதாசி மேல இருக்கணும்ட்டி."

யார் வீட்டு விசேஷத்துக்குப் போனேன், எதற்குப் போகவில்லை என்று நோட்டில் எழுதி வைக்கிறவள் வேறெப்படிச் சொல்வேன்? சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

இப்போது லீவுக்கு வந்திருக்கிறவள், அந்தப் புதுத் திரையைத்தான் இன்று சோதித்துப் பார்க்கத் தந்தாள். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உச்சியில் ஒரே வரி: ‘அறியாதவரிடமிருந்து ஏழு செய்திகள்’. பழைய திரையில் எந்த மூலையில் கிடந்ததோ, நான் கண்டதேயில்லை. தொட்டேன். முருகன் படம். பெயரும் ‘ஓம் முருகா’. யாரோ சாமி படம் அனுப்புகிறார்கள் என்றே நினைத்து முதல் செய்தியை வாசித்தேன்.

"ஏட்டி, பழைய போன் தொலைஞ்சிட்டு. இது புது நம்பர். மூஞ்சிய வைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன, அதான் முருகன வச்சிருக்கேன்."

நீங்களா அக்கா!

நான்தான் சொன்னேன். முதல் போன் வாங்கிப் பூ வைத்த முகத்தைப் போட்டிருந்தீர்கள். "பொம்பளைய மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்டணுமாக்கா? சாமியப் போடுங்க" என்றேன். "என் இடத்துல நிக்க முருகன் சம்மதிக்கணுமே" என்று சிரித்தீர்கள்.

பிறகு நம் தெருவை விட்டு மகனோடு கடம்பூருக்குக் குடிபோனீர்கள். அந்த வருஷம் கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுக்கிறவர்கள் பட்டியலை எழுதியவள் நான். "வெளியூர் போனவங்க பேரை எப்படிக்கா எழுத?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பேசாமல் பஸ் ஏறினீர்கள். அதன்பின் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்று நானும் வீம்பாக இருந்தேன். உங்களைப் பாடையில் தூக்கிய நாளில்கூடப் பின்வரிசையில் நின்றுவிட்டு, ‘கடைசிவரை பேசலையே’ என்ற கோபத்தோடுதான் திரும்பினேன்.

"போன்ல கூப்பிட்டா அழுதுருவேன், அதான் எழுதுதேன்" என்கிறது இரண்டாவது. "பேரு விஷயத்த விடுட்டி, எனக்கு ஒண்ணுமில்ல." "அங்கன மழை உண்டா?" "ஆஸ்பத்திரில படுத்திருக்கேன். ஒரு எட்டு வந்துட்டுப் போ." "நாளைக்கு வாரியா?" கடைசியில், "ரொம்ப வேலையோ? சரிட்டி. சாமி கும்பிடும்போது என்னையும் நெனச்சுக்க."

கீழே, ஏற்கவா, நீக்கவா என்று இரண்டு பொத்தான். ஏற்பதை அழுத்தினேன். உடனே ஒரு வரி வந்தது: ‘நீங்கள் பார்த்துவிட்டது இனி அவருக்குத் தெரியும்.’

என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் வாசித்த மகள் கை நீட்டி அந்த வரியைத் தொட்டாள். "இந்த வரிய எடுத்துரச் சொல்லட்டுமாம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேண்டாம்ட்டி. இருக்கட்டும்."

அந்த ஏழுக்கும் என்னால் தர முடிந்த ஒரே பதில் அந்த வரிதான், அக்கா.