எட்டு அணுச் சங்கிலி

நாள் 211. 09:30
செவ்வாயைச் சுற்றும் ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான்: சங்கரேஸ்வரி, வேதியியல். கீழே சுரங்க முகாமில் அருளப்பன்; அவன் இதயத்தில் கெட்ட புரதம் சேர்கிறது. என் மருந்தின் ஒரு முனை அதைப் பிடிக்கும். மறுமுனை செல்லின் துப்புரவுப் புரதத்தை இழுத்துவரும். நடுவே இரண்டையும் கட்டும் சங்கிலி. பன்னிரண்டு அணு நீளம் வேண்டும் என்றது பூமி. எட்டே போதும் என்றேன். எனக்கா தெரியாது?

தொடர்பு நேரம் நாளுக்கு ஒன்பதே நிமிடம். அறிக்கையை முன்கூட்டியே எழுதிவைப்பது இங்கே வழக்கம். "செல் சோதனை: தேறியது" என்று எழுதிவிட்டேன்.

10:19
அனுப்பியாயிற்று. மருந்துப் பெட்டியும் இறங்குகிறது.

11:05
சோதனைத் தட்டை இப்போதுதான் பார்த்தேன். கெட்ட புரதம் அப்படியே இருக்கிறது. சங்கிலி குட்டை. இரண்டு புரதங்களும் முட்டிக்கொள்கின்றன, சேரவில்லை. நாளை சொல்லிவிடலாம்.

நாள் 212. 10:20
அவன் முந்திக்கொண்டான்.
"யக்கா, ஊசி போட்டாச்சு. ஒங்க கை ராசியான கை!"
"ஓய்வெடு தம்பி" என்றேன். வெட்கம். பன்னிரண்டு அணுவில் புதிதாகச் செய்து, இரண்டாம் தவணை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். யாருக்கும் தெரியவேண்டாம். ஆறு நாள் வேலை.

நாள் 214. 10:21
"யக்கா, பூமிக்குப் போற கப்பல் கெளம்பிட்டு. எல்லாரும் போயாச்சு. எனக்கும் எடம் போட்டிருந்தாவ. நீங்கதான் தேறிட்டுன்னு சொல்லிட்டியளே, வேண்டாம்னுட்டேன். முகாமப் பாத்துக்க ஓராளு வேணும்லா."
அடுத்த கப்பலுக்கு ஏழு மாதம். இன்று சொல்லியிருந்தால் கிளம்பிய கப்பலையே திருப்பியிருப்பார்கள். ஒன்பது நிமிடமும் புழுதிக்காற்றைப் பற்றிப் பேசினேன். தூ, நானும் ஒரு மனுஷியா?

நாள் 217. 10:20
"மூச்சு வாங்குதுக்கா. மருந்தக் கூட்டிப் போடட்டா?"
"வேண்டாம்."
"நீங்க சொன்னா சரிதான்."
திட்டியிருக்கலாம் அவன்.

நாள் 218. 09:40
புது மருந்து தேறியது. தட்டைப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.
இன்றைய அறிக்கை: அருளப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னாபின்னாவென்று திட்டினான். பிறகு புது ஊசியைப் போட்டுக்கொண்டான்.

10:29
அறிக்கை வழக்கப்படி முன்கூட்டியே எழுதியது.
ஒன்பது நிமிடமும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.
அவன் குரல் ஒருமுறைகூட வரவில்லை. திட்ட அங்கே ஆளில்லை.
பெட்டி இறங்கிக்கொண்டிருக்கிறது.