வெட்கம் கெட்ட ஓட்டு

மரக்காணம்

அன்புள்ள மகன் சிலம்பரசனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, உன் தங்கை ரேணுகாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

தேர்தல் ரிசல்ட் வந்த அன்று ஸ்டேட்டஸில் என்ன போட்டாய்? உப்பளக் குத்தகைக்காரர் வெங்கடாசலத்தை ஜெயிக்க வைத்த நம் ஊர்க்காரர்கள் கூலிக்கு ஓட்டை விற்ற வெட்கம் கெட்டவர்கள் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழைக்காலத்தில் உப்புப் பாத்தியிலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது இங்கே எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று உனக்குத் தெரியாதா? அந்த மாதங்களில் உப்பு பாக்கெட் போடும் ஷெட்டைத் திறந்து பெண்களுக்கு வேலை கொடுப்பது அவர் ஒருத்தர்தான். தோற்றால் மூடிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு, அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. எதிர்த்து நின்ற உன் ஆள் மேடையேறி திண்டிவனத்துக்குக் கம்பெனி வரும் என்றார், மழைக்கு நாங்கள் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை பேசினாரா? குப்பத்துப் படகுக்காரர்கள் உன் ஆளுக்குத்தான் போட்டார்கள், அலை வீட்டை அரிக்காமல் கடலில் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித் தருவதாகச் சொன்னாராம். அவர்களும் அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் போட்டார்கள், அவர்களை மட்டும் விவரமானவர்கள் என்கிறாய். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாய்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உன் விருத்தாம்பாள் சித்தி தன் மகள் போனில் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டாள். நான் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் உனக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தவள் அவள். மறுநாள் உப்பளத்துக்கு வந்து, உன் புள்ளயே என்னை வெட்கங்கெட்டவள்னு சொல்லிட்டான்க்கா, இனிமே கூடை தூக்க நான் வேற ஜோடி பாத்துக்குறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். உப்புக் கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியுமா, நீயே சொல். நேற்று கூடையை நிரப்பி வைத்துவிட்டு யாராவது வந்து தூக்கிவிடட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன், அவள் பார்த்தும் பார்க்காதது போலக் குனிந்துகொண்டாள். அழுகையாக வந்தது.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நோய்நொடி இல்லாமல் இரு. வெளியில் போனால் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். ஸ்டேட்டஸ் அழிந்தாலும் சொன்னது அழியாது, முதலில் சித்திக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேள். அதற்கப்புறம் எனக்குப் பண்ணு, அதுவரை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வெங்கடாசலத்துக்கே ஓட்டுப் போட்ட
வெட்கம் கெட்ட உன் அம்மா,
அம்சவல்லி