அடித்துவிட்ட ஒரு வரி

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பா மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். ஒரு வாரமாக அதைத் திறக்கவில்லை.

சோதனையில் அவளுக்குக் கொடுத்துவந்த மருந்து தோற்றுப்போய்விட்டதா என்று கேட்டாய். இல்லை. இந்த நோய் உள்ளவர்கள் குறைவு, தயாரித்தால் கட்டுப்படியாகாது என்று கம்பெனி சோதனையை நிறுத்திவிட்டது.

"நீங்க கண்டுபிடிச்ச மருந்துதானேண்ணா, நீங்களே செஞ்சு தரக்கூடாதா?" என்றும் கேட்டிருந்தாய். எங்கள் அரசு ஆய்வகத்தில் ஒன்பது வருடம் உழைத்துக் கண்டுபிடித்ததுதான். ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்க எங்களுக்கு வசதியில்லை. அதனால் மருந்தின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தோம். எங்களிடம் மிச்சமிருந்த குப்பிகளையும் போன வாரம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். லிப்ட் வரை நானே தூக்கிக் கொடுத்தேன்.

ஒன்றை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. கம்பெனி கைவிட்டால் மருந்து எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்தால்தான் கையெழுத்து என்றார் அவர்களுடைய வக்கீல். "இவ்வளவு நல்ல மருந்த யார் சார் கைவிடப்போறாங்க?" என்று சிரித்தேன். அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டவன் நான்தான்.

இனி நான் போன் செய்தால் பாப்பாவிடம் கொடுக்காதே. போன தடவை மெதுவாகக் கேட்டாள்: "நான் சரியா நடக்கலன்னுதான் மருந்த நிறுத்திட்டாங்களா மாமா?"

உன் அண்ணன்